கைதட்டுவோர் தேசமா, ஆடுவோர் தேசமா?

தேசாபிமானம் நல்லதே. அதனை இகழ்வதற்காக இதனை எழுதவில்லை. ஆயினும், கைதட்டலில் பிறந்து கைதட்டலிலேயே மடிந்துபோகும் அபிமானத்தால் எவருக்கு என்ன பயன் என்று கேட்பது நம் கடமையன்றோ?

1948-ஆம் ஆண்டு ஆகஸ்டு 12-ஆம் நாள், லண்டன் வெம்பிளி அரங்கில் இந்திய ஹாக்கிக் குழு பிரிட்டனை 4-0 என்று வென்று ஒலிம்பிக் தங்கம் பெற்றது. 1928, 1932, 1936 ஆகிய ஆண்டுகளின் தங்கங்கள் அன்னிய ஆட்சியின் கீழ் பெற்றவை. இதுவோ, விடுதலை பெற்று ஓராண்டு நிறையுமுன், தம்மை ஆண்டவரை அவர் மண்ணிலேயே, அவர் கற்பித்த ஆட்டத்திலேயே வீழ்த்திய வெற்றி. அதைக் கேட்டு நெஞ்சு நிமிர்ந்தவரை யார் குறை கூற முடியும்?

சரியாக 75 ஆண்டுகள் சென்றன. 2023 ஆகஸ்டு 12-ஆம் நாள், சென்னை எழும்பூரில் ஆசிய வாகையர் கிண்ண இறுதியாட்டம். 3-1 என்று முந்தியிருந்த மலேசியாவை இந்தியா 4-3 என்று வென்றது. எங்கள் தோட்டத்துக் காப்பிக்கடையில் அதைக் கண்டோர் இரு கட்சியாகப் பிரிந்தனர். "பாட்டன் பிறந்த மண்ணல்லவா?" என்றது ஒரு கட்சி. "சோறு போடும் நாட்டை மறந்தாயா?" என்றது மறு கட்சி. வாய்ச்சண்டை கைகலப்பாகும் நிலை வந்தது. மறுநாள் மாலை தோட்டத் திடலைக் கடந்து சென்றேன். முழங்கால் உயரம் புல்; ஆடுவதற்கு ஒரு பிள்ளை இல்லை. முதல்நாள் தொண்டை கிழியக் கத்தியவர்களுள் தம் பிள்ளைக்கு ஒரு ஹாக்கி மட்டை வாங்கித் தந்தவர் எத்தனை பேர்?

பாட்டன் மண்ணைப் பாடுவோரைக் கேட்கிறேன்: வியர்வை சிந்தியவர் அவர்கள், அந்தப் பெருமையை இரவல் வாங்கி அணிந்துகொண்டால் நம் பிள்ளையின் கால் ஓடுமா? நாட்டுப்பற்றைக் காப்பிக்கடையில் அளந்து பார்ப்போரையும் கேட்கிறேன்: கூச்சல்தான் விசுவாசத்திற்கு அத்தாட்சியா? 2018-இல் ஜக்கார்த்தா ஆசிய விளையாட்டின் அரையிறுதியில் இந்தியாவும் மலேசியாவும் 2-2 என்று சமநிலையில் நின்றபின், தண்ட வீச்சில் மலேசியா 7-6 என்று வென்றது. அன்று மலேசியாவின் கோல் வாயிலைக் காத்தவர் குமார் சுப்பிரமணியம். தம் நாட்டுப்பற்றை அவர் எவரிடமும் வாதாடி நிரூபிக்கவில்லை; பந்தைத் தடுத்து நிரூபித்தார்.

1975-இல் கோலாலம்பூரில் நடந்த உலகக் கிண்ணத்தை நினைத்துப் பாருங்கள். ஸ்ரீ சண்முகநாதன், பூன் ஃபூக் லோக், கைருதீன் ஜைனால் முதலியோர் ஒரே சட்டை அணிந்து ஆடினர். ஹாலந்தை 2-1 என்று வென்று, அரையிறுதியில் இந்தியாவிடம் கூடுதல் நேரத்தில் 3-2 என்று தோற்று, நான்காம் இடம் பெற்றனர். சாதியோ இனமோ அங்கே பந்தடிக்கவில்லை, பயிற்சியே பந்தடித்தது.

அன்று புல்திடலில் பழகியவன் உலக அரங்கம் ஏற முடிந்தது. 1976-இல் மான்ட்ரியல் ஒலிம்பிக்கில் செயற்கைத் தரை வந்தது. ஆட்டத்தின் வேகமும் செலவும் ஏறின. 1980-க்குப் பின் இந்தியாவே அடுத்த ஒலிம்பிக் பதக்கத்திற்கு 2021 வரை காத்திருந்தது. மலேசிய ஆடவர் குழுவோ 2000-இல் சிட்னிக்குச் சென்றதோடு சரி. 2024 வரை நடந்த எந்த ஒலிம்பிக்கிலும் அது இடம்பெறவில்லை. செயற்கைத் தரை பட்டணத்தில் இருக்கிறது. நம் பிள்ளை செம்பனை மரங்களுக்கு நடுவே இருக்கிறான். அவனை அங்கே கொண்டு சேர்ப்பது யார் வேலை? அரசாங்கத்தின் வேலை என்பீர்கள். ஆம், அதனைக் கேட்டுப் பெறவேண்டும். ஆனால் கேட்பதற்கு முன் நாம் செய்தது என்ன?

திருவிழாவில் ஓரிரவு வாணவேடிக்கைக்குப் பணம் சேர்க்க வீடுவீடாகச் செல்லும் நாம், பத்து மட்டைகளுக்கும் வாரம் ஒருமுறை பட்டணம் செல்லும் வண்டிக்கும் பணம் இல்லை என்கிறோம். மகனை அனுப்பினாலும், "பெண்பிள்ளைக்கு ஏன் பந்தாட்டம்?" என்று மகளை அடுப்படியில் நிறுத்துகிறோம். பாதிக் கால்களைக் கட்டிவைத்த சமூகம் பிறர் ஓடுவதைப் பார்த்துக் கைதட்டுவதன்றி வேறென்ன செய்யும்?

ஆகவே தோட்டத் தலைவர்களே, ஆலயக் குழுவினரே, தமிழ்ப்பள்ளிப் பெற்றோர் சங்கத்தினரே! அடுத்த ஆட்டத்தில் எந்தக் கொடியை வேண்டுமாயினும் ஆட்டுங்கள். ஆனால் அதற்கு முன் திடலின் புல்லை வெட்டுங்கள். ஆணும் பெண்ணுமாகப் பிள்ளைகள் கையில் மட்டையைக் கொடுங்கள். நம் பிள்ளை ஒருநாள் களத்தில் நிற்பாளாயின், எந்தக் கட்சி என்ற சண்டை அன்றே தீரும். அதுவரை நம் அபிமானம் வெறும் ஆரவாரமே.