பித்தளையும் பெருந்தொழிற்சாலையும்

2025 ஜனவரி 13 அன்று, தம் 89ஆம் வயதில், எல்கர் ஹோவர்த் காலமானார். தமிழ்ச் சிற்றிதழ்களில் அவருக்கு ஒரு வரி அஞ்சலியும் நம் கண்ணில் படவில்லை. மறந்துபோனார்கள் என்று இதை விட்டுவிட முடியாது. பித்தளைக் கருவி ஊதுபவனைக் கலைஞனாக எண்ணும் பழக்கமே நமக்கு இல்லை. நமக்கு அவன் 'பேண்டு செட்டுக்காரன்'. மாப்பிள்ளை அழைப்புக்கு முன்னும் பிணத்துக்கு முன்னும் நடப்பவன். பந்தியில் கடைசியாக உட்காருபவன்.

ஹோவர்த் டிரம்பெட் கலைஞர், நடத்துநர், இசையமைப்பாளர். தந்தையும் ஒரு பித்தளைக் குழுவை நடத்தியவர். மான்செஸ்டரில் பர்ட்விசில், மாக்ஸ்வெல் டேவிஸ் ஆகியோரோடு பயின்று, லண்டன் இசைக்குழுக்களில் ஊதி, பின்னர் நடத்துகோலை எடுத்தார். லிகெட்டியின் 'லெ கிராண்ட் மகாப்ர்' ஓபரா 1978இல் ஸ்டாக்ஹோமில் முதன்முதல் அரங்கேறியபோது அதை நடத்தியவர் அவரே. ஆயினும் நாம் அவரை நினைவுகூர்வது அதற்காக அல்ல. யார்க்‌ஷயரின் கிரைம்தார்ப் நிலக்கரிச் சுரங்கக் குழுவோடு அவர் செய்த வேலைக்காகவே. அந்தச் சுரங்கக் குழுவுக்காகப் பர்ட்விசில் 1973இல் 'கிரைம்தார்ப் ஏரியா' எழுதியது ஹோவர்த்தின் தூண்டுதலால். ஐரோப்பிய நவீன இசையின் கடினமான பக்கங்களில் ஒன்று, சுரங்க ஊரின் குழுவுக்கென எழுதப்பட்டது. 'தொழிலாளிக்கு இது புரியாது' என்று அவர் கருதவில்லை. கருதியிருந்தால் அந்தப் படைப்பே பிறந்திராது.

இனி நம் ஊருக்கு வருவோம். சென்னையிலிருந்து பெங்களூர்ச் சாலையில் ஸ்ரீபெரும்புதூர். அங்கிருந்து தெற்கே ஒரகடம். 1998இல் இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய் கார் உற்பத்தியைத் தொடங்கியது. 2006இல் நோக்கியா வந்தது. 2014இல் கதவை மூடியது. 2010இல் ஒரகடத்தில் ரெனோ-நிஸான். ஷிப்டு மாறும் வேளையில் அந்தச் சாலையில் நின்று பாருங்கள். நிறுவனப் பேருந்துகள் வரிசையாக வந்து ஆயிரக்கணக்கான இளைஞர்களைக் கொட்டி, ஆயிரக்கணக்கானவர்களை அள்ளிச் செல்லும். கால் நூற்றாண்டைக் கடந்த இத்தொழில் நிலத்திலிருந்து நாடறிந்த ஓர் இசைக்குழு எழுந்ததாக நாம் கேள்விப்பட்டதில்லை. ஏன்?

'அது வெள்ளைக்காரன் கருவி, நமக்கெதற்கு?' என்பது முதல் பதில். இது வரலாறு அறியாதவர் பேச்சு. உதட்டின் அதிர்வால் ஒலிக்கும் உலோகக் குழல் நமக்குப் புதிதன்று. கொம்பும் எக்காளமும் திருச்சின்னமும் டிரம்பெட்டின் உறவினர்களே. இரண்டாம் சரபோஜி தஞ்சை அரண்மனையில் ஐரோப்பிய பாணி பேண்டு வைத்திருந்தார். முத்துசுவாமி தீட்சிதர் மேற்கத்திய மெட்டுகளுக்குச் சமஸ்கிருத சாகித்தியம் செய்தார். நோட்டுஸ்வரங்கள் என்று அவற்றை இன்றும் குழந்தைகளுக்குக் கற்பிக்கிறோம். சென்னையின் நாதமுனி பேண்டு கீர்த்தனைகளை வாசித்து கிராமபோன் தட்டுகளே வந்தன. தீட்சிதருக்குச் சபையில் படம் உண்டு. நாதமுனி பேண்டில் ஊதியவர்களின் பெயர்களை எத்தனை ரசிகர்களால் சொல்ல முடியும்? கருவி அன்னியமன்று, ஊதியவனைத்தான் அன்னியனாக வைத்திருக்கிறோம்.

இரண்டாவது பதில் இடதுசாரி நண்பர்களுடையது: 'இங்கிலாந்தில் அந்தக் குழுக்களை வளர்த்தவர்களில் முதலாளிகளும் உண்டு, தொழிலாளியைச் சாராயக் கடையிலிருந்தும் கலகத்திலிருந்தும் விலக்கி வைக்க அது ஓர் உபாயம்.' இதில் உண்மை உண்டு, மறுக்கவில்லை. ஆனால் கொடுத்தவனின் நோக்கம் பெற்றவனின் கையில் அப்படியே நிற்பதில்லை. 1992 அக்டோபரில் அரசு சுரங்கங்களை மூடப்போவதாக அறிவித்தது. அதே வாரத்தில் லண்டன் ஆல்பர்ட் மண்டபத்தில் கிரைம்தார்ப் குழு தேசியப் பட்டத்தை வென்றது. 1993இல் சுரங்கம் மூடப்பட்டது. குழு இன்றும் ஊதிக்கொண்டிருக்கிறது. முதலாளியின் உபாயமாக மட்டுமே இருந்திருந்தால், சுரங்கத்தோடு அதுவும் புதைந்திருக்க வேண்டாமா?

உண்மையான காரணம் வேறு. ஒரு பித்தளைக் குழுவுக்கு இருபத்தைந்து பேருக்குக் குறையாமல் வேண்டும். அவர்கள் ஒரே ஊரில், ஆண்டுக்கணக்கில், வாரத்துக்கு இரண்டு மாலையாவது சேர்ந்து உட்கார வேண்டும். உதடு பழகவே ஆண்டுகள் ஆகும். பயிற்சியாளன் என்றும் ஒப்பந்தக்காரன் என்றும் பெயரிட்டு, இரண்டொரு ஆண்டில் வெளியே அனுப்பப்படும் இளைஞனிடம், வாரந்தோறும் ஷிப்டு மாறும் விடுதிவாசியிடம், எந்த மாலை இருக்கிறது? ஒப்பந்த முறை கூலியை மட்டும் குறைப்பதில்லை. ஒன்றில் தேர்ச்சி பெறுவதற்கு வேண்டிய காலத்தையே அது பறிக்கிறது. 2024இல் சாம்சங் தொழிலாளர்கள் 37 நாட்கள் வேலைநிறுத்தம் செய்தார்கள். சங்கத்துக்கு அங்கீகாரம் அவர்களின் முதன்மைக் கோரிக்கை. கூடி நிற்கும் உரிமைக்கே இத்தனை நாட்கள் ஆகும் இடத்தில் கூடி ஊதுவது எப்போது?

நாமும் குற்றவாளிகளே. ஆலைகளைப் பற்றிக் கவிதை எழுதினோம், கருத்தரங்கம் கூட்டினோம். தொழிலாளியை நம் எழுத்துக்குப் பொருளாக்கினோமே தவிர, தேர்ந்த கலைக்கு உரியவனாக ஒருநாளும் எண்ணவில்லை. அவனுக்குக் குத்துப்பாட்டு போதும், நமக்கு மாலர் வேண்டும் என்பதே நம் எழுதப்படாத சட்டம்.

நிறுவனங்களின் சமூகப் பொறுப்பு நிதியில் பேருந்து நிழற்குடைகள் எழுகின்றன, நல்லது. அதோடு ஓர் ஒத்திகைக் கூடமும், ஷிப்டுப் பட்டியலில் மாறாத இரண்டு மாலைகளும், எல்லாவற்றுக்கும் முன்பாக நிலையான வேலையும் கேட்போம். பித்தளை பல்லிளிக்கும் என்பது நம் பழமொழி. இதுவரை பல்லிளித்தது பித்தளையன்று, நம் ரசனைதான்.