கம்ப்யூட்டரைப் பார்த்து ரிப்போர்ட் எழுதலாமா?

திற்பரப்பிலிருந்து ஒரு வாசகி கடிதம் போட்டிருக்கிறார். அந்த ஊர்ப் பேச்சு எனக்குப் பிடிக்கும் என்பதால், அவர் எழுதியபடியே தருகிறேன்.

"அக்கா, எங்க மைனிக்கு மார்புல ஒரு கட்டி. ஆபரேசன் செஞ்சு எடுத்தாவ. எடுத்த சதையை ஒரு பாட்டில்ல போட்டு, லேப்புல கொண்டு குடுங்கன்னு எங்கிட்ட தந்தாவ. நானாக்கும் கொண்டு போனது. அங்க ஒரு டாக்டரம்மா. கொஞ்ச நேரம் மைக்ராஸ்கோப்புல பாக்காவ, பெறவு கம்ப்யூட்டர்ல பாக்காவ, திரும்பவும் மைக்ராஸ்கோப்பு. ஒம்பது நாள் கழிச்சு ரிப்போர்ட்டு வந்துது. ஃபைப்ரோ அடினோமாவாம், பயப்படாண்டாமாம். கம்ப்யூட்டரப் பாத்து எழுதுனத நம்பலாமா? அவியளுக்கே தெரியாதா? அதுக்கு ஒம்பது நாளு எதுக்கு? எங்க மைனிக்க உயிராக்கும் அக்கா, வெளையாட்டில்ல."

சகோதரி, விளையாட்டில்லைதான். ஆனால் நீங்கள் எதைப் பார்த்துச் சந்தேகப்பட்டீர்களோ, அதைப் பார்த்து நான் நிம்மதி அடைந்தேன். பஞ்சாங்கத்தைப் புரட்டாமல் வாய்க்கு வந்தபடி முகூர்த்தம் குறிக்கிற ஜோசியரிடம் பெண்ணின் கல்யாணத்துக்கு நாள் கேட்பீர்களா? புத்தகத்தைப் பார்த்துச் சரிபார்க்கிற டாக்டர்தான் கவனமான டாக்டர். அந்தப் புத்தகம் இப்போது கம்ப்யூட்டருக்குள் போய்விட்டது, அவ்வளவுதான்.

அந்த டாக்டரம்மாவுக்குப் பெத்தாலஜிஸ்ட் என்று பெயர். நாடி பிடிக்க மாட்டார், மருந்துச் சீட்டு எழுத மாட்டார், பெரும்பாலும் நோயாளியின் முகத்தைக்கூடப் பார்த்திருக்க மாட்டார். ஆனால் அந்தக் கட்டி சாதாரணமா, புற்றா என்று சொல்கிற கடைசி வார்த்தை அவருடையது. அவர் எழுதுவதை வைத்துத்தான் சர்ஜன் அடுத்த காரியத்தைத் தீர்மானிக்கிறார்.

உங்கள் மைனியின் கட்டியையே எடுத்துக்கொள்வோம். ஃபைப்ரோ அடினோமா என்பது சின்ன வயதுப் பெண்களுக்கு அதிகமாக வருகிற கட்டி. புற்று அல்ல. ஆனால் அதற்கு ஒரு சாயல்காரி உண்டு, ஃபில்லோடிஸ் என்று பெயர். இலை போல மடிப்பு மடிப்பாக இருப்பதால் அந்தப் பெயர். மைக்ராஸ்கோப்பில் சில சமயம் அக்கா தங்கை போல இரண்டும் ஒன்றாகத் தெரியும். ஃபில்லோடிஸாக இருந்தால் சுற்றியுள்ள நல்ல சதையையும் கொஞ்சம் சேர்த்து எடுக்க வேண்டியிருக்கும், இல்லாவிட்டால் அதே இடத்தில் மறுபடி வளரலாம். அதில் சில புற்றாகவும் இருக்கும்.

இன்னொன்று சொல்கிறேன், இது நம் நாட்டுக்கு ரொம்ப முக்கியம். மார்பில் புற்றுக் கட்டி போலவே கெட்டியாக, சில சமயம் சீழோடு வருகிற ஒரு வீக்கம் உண்டு. சதையைச் சோதித்தால் புற்று இருக்காது. கிரானுலோமா என்கிற சின்னச் சின்ன முடிச்சுகள் இருக்கும். அது காசநோயாலும் வரலாம், காரணமே தெரியாமலும் வரலாம். காரணம் தெரியாத வகைக்குச் சில நேரம் ஸ்டீராய்டு கொடுப்பார்கள். காசநோயாக இருந்து, அதற்குரிய மருந்து இல்லாமல் ஸ்டீராய்டு மட்டும் கொடுத்தால் நோய் பெருகிவிடும். ஸ்லைடில் இரண்டும் கிட்டத்தட்ட ஒரே மாதிரி! காசநோய்க் கிருமியைத் தேடத் தனிச் சாயம் போட்டுப் பார்க்க வேண்டும். அதிலும் தெரியாவிட்டால் வேறு சோதனை. இத்தனையையும் ஒரு மனுஷி மனப்பாடமாக வைத்திருக்க முடியுமா?

பெத்தாலஜிக்குப் பெரிய பெரிய புத்தகங்கள் உண்டு. ராபின்ஸ் எழுதிய புத்தகம் 1957இல் முதலில் வந்தது, மருத்துவ மாணவர்கள் இன்றைக்கும் அதைத்தான் படிக்கிறார்கள். உலக சுகாதார நிறுவனம் புற்றுக்கட்டிகளை வகை பிரித்து, ஒவ்வொரு உறுப்புக்கும் ஒரு புத்தகம் என்று நீல அட்டையில் போடுகிறது. எல்லாம் விலை அதிகம். அதிலும் சில வருஷத்துக்கு ஒரு முறை வகை மாறும், பெயர் மாறும், பழைய பதிப்பு பரணுக்குப் போகும். பட்டணத்துப் பெரிய ஆஸ்பத்திரி நூலகம் வாங்கிப் போடும். சின்ன ஊரில் ஒற்றை ஆளாக லேப் நடத்துகிற டாக்டரம்மா என்ன செய்வார்?

அவருக்காகவே வந்தது போல ஒன்று 2001இல் வந்தது. அமெரிக்காவில் மிச்சிகன் மாநிலத்தைச் சேர்ந்த நாட் பெர்னிக் என்ற பெத்தாலஜிஸ்ட், 'பெத்தாலஜி அவுட்லைன்ஸ்' என்ற பெயரில் இன்டர்நெட்டில் ஒரு பாடத் தொகுப்பை ஆரம்பித்தார். மார்பு, கர்ப்பப்பை, தைராய்டு என்று உறுப்பு வாரியாகப் பிரித்து, ஒவ்வொரு நோய்க்கும் ஒரு பக்கம். நோய் எப்படி இருக்கும், மைக்ராஸ்கோப்பில் என்ன தெரியும், எந்தச் சாயம் போட வேண்டும், எதோடு எதைக் குழப்பிக்கொள்ளக் கூடாது, எல்லாம் குறிப்புக் குறிப்பாகப் படங்களோடு. காசு கிடையாது, பெயர் பதிய வேண்டியதுகூட இல்லை. இப்போது பல டாக்டர்கள் ஆளுக்கொரு தலைப்பாக எழுதித் தருகிறார்கள். எழுதியவர் பெயரும், கடைசியாக எப்போது திருத்தினார்கள் என்ற தேதியும் பக்கத்திலேயே இருக்கும். எனக்கு அந்தத் தேதிதான் பெரிய விஷயமாகப் படுகிறது. அச்சுப் புத்தகத்தில் தப்பு இருந்தால் அடுத்த பதிப்பு வரை காத்திருக்க வேண்டும். இங்கே அன்றைக்கே திருத்தலாம்.

இதற்கும் முன்னால், 1990களிலேயே, யூட்டா பல்கலைக்கழகத்தில் எட்வர்ட் கிளாட் என்பவர் 'வெப்பாத்' என்று மாணவர்களுக்காக ஒரு படத் தொகுப்பை இலவசமாகப் போட்டார்.

சும்மா கொடுத்தால் செலவுக்கு என்ன வழி என்று கேட்பீர்கள். பெத்தாலஜி அவுட்லைன்ஸ் விளம்பரத்தில் நடக்கிறது. லேப் சாமான் விற்கிற கம்பெனிகள், டாக்டர் வேலைக்கு ஆள் தேடுகிற ஆஸ்பத்திரிகள் விளம்பரம் கொடுக்கின்றன. எனக்கு இதில் முழுத் திருப்தி இல்லை. அறிவுக்கான செலவைச் சர்க்காரும் பல்கலைக்கழகங்களும் ஏற்றால் நன்றாக இருக்கும். ஆனாலும் படிக்கிறவரிடம் காசு கேட்காத இந்த ஏற்பாடு இல்லையென்றால், சின்ன ஊர் லேபுக்கு ஒன்றும் வந்து சேர்ந்திருக்காது.

உங்கள் ஜில்லாவுக்கு இதன் அருமை புரியும். நெய்யூர் ஆஸ்பத்திரி 1838இல் தொடங்கியது. எவரெஸ்ட் மலையேறப் போன சாமர்வெல் டாக்டர் 1920களில் அங்கே வந்து சேர்ந்து பல வருஷம் கத்தி பிடித்தார். அந்தக் காலத்தில் புதுப் புத்தகம் கப்பலேறித்தான் வர வேண்டும். இன்றைக்குக் குலசேகரத்திலோ ஆசாரிப்பள்ளத்திலோ படிக்கிற பெண், மிச்சிகன்காரர் பார்க்கிற அதே பக்கத்தை அதே நிமிஷம் பார்க்கிறாள்.

ஒரு குறை, இது இங்கிலீஷில் இருக்கிறது. போன நூற்றாண்டுக்கும் முந்தின நூற்றாண்டிலேயே யாழ்ப்பாணத்து மானிப்பாயில் சாமுவேல் கிறீன் டாக்டர் தமிழிலேயே வைத்தியம் கற்பித்து, மருத்துவ நூல்களையும் தமிழில் கொண்டுவந்தார். அந்த வேலையைத் தொடர நம்மில் யாராவது முன்வர வேண்டும்.

அதற்காக நீங்கள் மைனியின் ரிப்போர்ட்டை செல்போனில் தட்டித் தேட உட்கார வேண்டாம். அது டாக்டர்களுக்காக எழுதியது. ஒரு பக்கத்தில் பத்து நோய் பெயர் இருக்கும், பத்தும் மைனிக்கு வந்த மாதிரி இருக்கும். ராத்திரி தூக்கம் போகும். கம்ப்யூட்டர் பக்கம் முடிவு சொல்வதில்லை. கண்ணால் கண்டதைப் பக்கத்தோடு ஒப்பிட்டு முடிவு சொல்கிறவர் டாக்டரம்மாதான்.

இன்னும் மனசு ஆறவில்லையா? ஸ்லைடையும், சதை பதித்த மெழுகுக் கட்டியையும் லேபில் பத்திரமாக வைத்திருப்பார்கள். எழுதிக் கொடுத்து வாங்கிப்போய், திருவனந்தபுரத்திலோ வேறு பெரிய ஆஸ்பத்திரியிலோ இன்னொரு பெத்தாலஜிஸ்டிடம் காட்டலாம். மைனிக்கு மறுபடி கத்தி வைக்க வேண்டியதில்லை. டாக்டரம்மாவும் கோபித்துக்கொள்ள மாட்டார், அவர்களே ஒருவருக்கொருவர் காட்டிக் கேட்பது வழக்கம்தான்.

பாட்டில் கொண்டு போகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. சதை முழுக்க மூழ்கும்படி ஃபார்மலின் இருக்க வேண்டும், சதையைப் போலப் பத்து மடங்காவது. தண்ணீரோ உப்புத் தண்ணீரோ ஊற்றினால் அழுகிவிடும். மார்பில் எடுத்த சதை ஒரு மணி நேரத்துக்குள் ஃபார்மலினில் விழுந்தால்தான் பின்னால் ஹார்மோன் சோதனைகள் ஒழுங்காக வரும். கூட வருகிற சீட்டில் வயது, வலதா இடதா, முன்னால் ஆபரேஷன் நடந்ததா, வீட்டில் யாருக்காவது காசநோய் உண்டா எல்லாம் எழுதியிருக்கிறதா என்று பாருங்கள். விவரம் இல்லாத சீட்டோடு வருகிற சதையைப் படிப்பது, முகவரி இல்லாத தபாலைப் பட்டுவாடா செய்வது மாதிரி.

ஒம்பது நாள் ஏன் என்றீர்கள். ஃபார்மலினில் ஊற ஒரு நாள் விட வேண்டும். பிறகு ஸ்பிரிட்டில் ஈரத்தை எடுத்து, மெழுகில் பதித்து, ஒரு மில்லிமீட்டரை இருநூறு முந்நூறாக வகுத்தால் வருகிற கனத்தில் சீவி, கண்ணாடியில் ஒட்டிச் சாயம் போடுவார்கள். ஊதா நிறம் ஹெமடாக்சிலின், மத்திய அமெரிக்காவில் வளரும் ஒரு மரத்தின் கட்டையிலிருந்து முதலில் எடுத்தது. சிவப்பு நிறம் ஈயோசின். இதற்கே நாலைந்து நாள். சந்தேகம் வந்தால் மறுபடி சீவி வேறு சாயம். சிலதை வெளியூருக்கு அனுப்ப வேண்டும். சொன்ன தேதிக்கு ரிப்போர்ட் வராவிட்டால் லேபுக்குப் போன் போட்டுக் கேளுங்கள், "ஸ்பெஷல் ஸ்டெயினுக்குப் போயிருக்கு" என்று சொன்னால் இன்னும் இரண்டு மூன்று நாள் பொறுத்திருங்கள்.