தேனீக்கு இடம் கொடுக்குமா பல்கலைக்கழகம்?

பெங்களூரில் மார்ச், ஏப்ரல் மாதங்களில் புங்கமரத்தடியில் பூ உதிர்ந்து பாய் விரித்தாற்போல் கிடக்கும். காலை ஆறு மணிக்குத் துடைப்பத்தோடு வரும் தொழிலாளிக்கு அது குப்பை. அதிகாரிகளின் கார் வந்து நிற்பதற்குள் தரை தெரியவேண்டும். தெரியாவிட்டால் மேஸ்திரியின் ஏச்சு. மேலே கிளைகளில் தேனீக்கள் இரைவது அவர் காதில் விழாமலா இருக்கும்? விழும். அதைப் பற்றி அவரிடம் யாரும் விசாரித்ததில்லை.

இப்போது பல்கலைக்கழகங்களில் ஒரு புதுப் பேச்சு கிளம்பியிருக்கிறது. மகரந்தத்தைப் பூவுக்குப் பூ கொண்டு சேர்க்கும் தேனீ, வண்டு, வண்ணத்துப்பூச்சி முதலியவை குறைந்து வருகின்றன. இந்த மண்ணுக்கே உரிய அந்த உயிர்களுக்கு வளாகங்களில் புகலிடம் அமைக்கவேண்டும் என்கிறார்கள். நல்ல பேச்சுதான். ஆனால் தேனீயின் கதி கருத்தரங்கு மண்டபத்தில் தீர்மானிக்கப்படுவதில்லை. மருந்தடிக்கும் பம்பும் புல்வெட்டும் இயந்திரமும் கிடக்கிற தோட்டக் கொட்டகையில்தான் தீர்மானிக்கப்படுகிறது. அங்கே வேலை செய்கிறவர்களில் தர்மபுரி, கிருஷ்ணகிரி, திருவண்ணாமலைப் பக்கத்திலிருந்து பிழைக்க வந்தவர்கள் பலர் உண்டு. இந்த விஷயத்தில் முதலில் கூப்பிட்டுப் பேசவேண்டியவர்கள் அவர்கள்தான். அவர்களைத் தவிர மற்ற எல்லோரையும் கூப்பிடுகிறார்கள்.

தேனீக்கும் சம்பளக்காரனுக்கும் என்ன சம்பந்தம் என்று நினைக்கலாம். நெல்லுக்குத் தேனீ வேண்டியதில்லை. துவரைக்கும் கத்தரிக்கும் பூசணிக்கும் பாகற்காய்க்கும் வேண்டும். உலகின் முக்கியமான உணவுப் பயிர்வகைகளில் நான்கில் மூன்று பங்கு, ஓரளவேனும் இத்தகைய உயிர்களை நம்பியிருக்கின்றன என்று 2016-ஆம் ஆண்டில் பல நாட்டு விஞ்ஞானிகள் சேர்ந்து கொடுத்த அறிக்கை கூறியது. கையில் பை எடுத்துக்கொண்டு சாயங்காலம் காய்கறி வாங்கப் போகிறவர்களுக்கு இது தூரத்துச் சமாசாரம் அல்ல.

பெங்களூரில் பல்கலைக்கழக வளாகங்களுக்கு ஒரு தனி முக்கியத்துவம் உண்டு. நகரம் நாலாபுறமும் சிமெண்டாகிவிட்டது. இடையில் தீவுகளாக மிஞ்சியிருப்பவை சில. வடக்கே விவசாயப் பல்கலைக்கழகத்தின் ஜி.கே.வி.கே. வளாகமும், மேற்கே பெங்களூர்ப் பல்கலைக்கழகத்தின் ஞானபாரதியும் ஒவ்வொன்றும் ஆயிரம் ஏக்கருக்கு மேற்பட்டவை. மைசூர் அரச குடும்பம் கொடுத்த 371 ஏக்கரில் 1909-ல் தோன்றிய இந்திய விஞ்ஞானக் கழகம் இன்று மரக்கூட்டமாக நிற்கிறது. லால்பாக்கையும் கப்பன் பூங்காவையும் விட்டால், ஒரு தேனீக் கூட்டம் நம்பி இறங்க நகரில் வேறு எத்தனை இடம் இருக்கிறது?

தேனீ என்றால் எல்லோரும் ஒரே பூச்சியை நினைக்கிறார்கள். உண்மை அப்படியல்ல. உயரமான கிளைகளிலும் தண்ணீர்த் தொட்டியின் அடியிலும் முறம் போல ஒற்றை அடை கட்டித் தொங்குவது மலைத்தேனீ. கன்னடத்தில் ஹெஜ்ஜேனு என்பார்கள். மரப்பொந்தில் அடுக்கடுக்காக அடை வைப்பது இந்தியத் தேனீ; அதுதான் துடுவெ. புதரில் சின்னஞ்சிறு அடை வைக்கும் கொம்புத்தேனீ ஒன்று. சுவர் இடுக்கில் மெழுகுக் குழாய் நீட்டிக் குடியிருக்கும், கொட்டத் தெரியாத கொசுத்தேனீ இன்னொன்று. இந்த நான்கும் கூட்டமாக வாழ்பவை.

இவற்றைத் தவிர, ஒண்டிக்கட்டையாகப் பிழைப்பு நடத்தும் தேனீ இனங்கள் ஏராளம். பட்டுப்போன மரத்தையும் மூங்கிலையும் துளைத்துக் குடியிருக்கும் கருவண்டும் தேனீ வகைதான். ரோஜா இலையில் வட்டமாக நறுக்கு விழுந்திருந்தால் தோட்டக்காரர் பூச்சி விழுந்துவிட்டது என்று மருந்தடிப்பார். அது இலைவெட்டித் தேனீயின் வேலை. அந்த இலைத்துண்டில் குஞ்சுக்குத் தொட்டில் கட்டுகிற அதுவேதான் துவரைப் பூவைக் காயாக்குகிறது. வயிற்றில் நீல வரி போட்ட தேனீ இன்னொன்று. கத்தரிப் பூவின் மகரந்தப் பை உப்பு ஜாடி மாதிரி. நுனியில் சிறு துவாரம்தான் இருக்கும். இந்த நீலவரித் தேனீ பூவைப் பிடித்துக்கொண்டு உடம்பை அதிரவைத்து மகரந்தத்தைக் கொட்டச் செய்கிறது. பெட்டியில் வளர்க்கும் தேனீக்கு இந்த வித்தை வராது. கோலார் மார்க்கெட்டில் மலையாகக் குவியும் தக்காளி காற்றசைவிலும் காய்க்கும். ஆனால் இப்படி அதிரவைக்கும் தேனீ வந்துபோனால் காய்ப்பு பெருகும்.

இந்த ஒண்டித் தேனீக்கள் எங்கே குடியிருக்கின்றன? உலகத் தேனீ இனங்களில் பத்துக்கு ஏழு மண்ணுக்குள் வளை தோண்டி வாழ்பவை. வெயில் படுகிற, புல் மூடாத, யாரும் கொத்தாத வெறும் மண் அவற்றுக்கு வேண்டும். மற்றவற்றுக்குப் பட்ட மரம், காய்ந்த தண்டு, பழைய மண்சுவர் வேண்டும். அதாவது, வளாகத்தில் எது எது அசிங்கம் என்று அகற்றப்படுகிறதோ அது அத்தனையும் அவற்றின் வீடு. நீலவரித் தேனீயில் ஆண்கள் இரவில் ஒரு புல்தண்டைக் கவ்விக்கொண்டு வரிசையாகத் தூங்கும். விடியற்காலையில் தோட்டத்தில் இறங்குகிறவர் அதைப் பார்த்திருக்கக்கூடும். புல்வெட்டும் இயந்திரம் கிளம்புவதும் அந்த நேரத்தில்தான்.

இப்படியிருக்க, பல வளாகங்களில் புகலிடம் என்ற பெயரில் நடப்பது என்ன? ஒரு மூலையில் வேலி போட்டு, கடையில் வாங்கிய பூந்தொட்டிகளை வரிசையாக வைத்து, பெயர்ப்பலகை நட்டு, பிரமுகரை அழைத்து நாடா வெட்டுவார்கள். தொட்டியில் இருப்பவை இதழ்மேல் இதழாக அடுக்குப் பூக்கள். அவற்றில் பலவற்றில் தேனும் இல்லை, மகரந்தமும் இல்லை. சில இடங்களில் இத்தாலியத் தேனீப் பெட்டிகளைக் கொண்டுவந்து வைத்துவிட்டு, தேனீயைக் காப்பாற்றியாயிற்று என்று படம் எடுத்துக்கொள்கிறார்கள். இத்தாலியத் தேனீ 1962-ல் நக்ரோட்டா பாக்வானில் இந்தியாவுக்குள் நிலைநாட்டப்பட்ட வெளிநாட்டு இனம். 1991, 92-ல் ஒரு வைரஸ் நோய் வந்து தென்னாட்டில் பெட்டிகளில் இருந்த இந்தியத் தேனீக்கள் கொத்துக் கொத்தாக அழிந்த பிறகு, அது தெற்கேயும் பரவியது. தேன் வியாபாரத்துக்கு அது நல்ல சரக்கு. அதில் குற்றம் சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் நாட்டுத் தேனீயைக் காக்க இத்தாலியப் பெட்டி வைப்பது, சிட்டுக்குருவியைக் காக்கக் கோழிப்பண்ணை வைப்பது மாதிரி.

அரசாங்கம் முனைந்து செய்த காரியமும் இல்லாமல் இல்லை. 2020 டிசம்பரில் உத்தரகாண்ட் வனத்துறை ஹல்த்வானியில் 4 ஏக்கரில் மகரந்தம் சேர்க்கும் உயிர்களுக்கென்றே ஒரு பூங்கா திறந்தது. நாட்டில் அந்த மாதிரி முதல் பூங்கா அதுதான் என்று அறிவித்தார்கள். நாலு ஏக்கருக்கு அத்தனை சிறப்பு என்றால், ஆயிரம் ஏக்கர் வைத்திருக்கிறவர்கள் யோசிக்கவேண்டாமா? பெரிய செலவு ஒன்றும் கிடையாது. புதிதாகச் செய்யவேண்டியதைவிட நிறுத்தவேண்டியதுதான் அதிகம்.

சருகைக் கொளுத்துவதை நிறுத்தலாம். 2016-ஆம் ஆண்டின் திடக்கழிவு விதிகளே அதைத் தடுத்தன. ஆனாலும் மதில் ஓரத்தில் புகை எழும்பத்தான் செய்கிறது. புல்வெளியை ஒரேயடியாகச் சிரைக்காமல், முறைவைத்துப் பகுதி பகுதியாக வெட்டலாம். ஆபத்தில்லாத இடத்தில் பட்டமரத்தை நிற்கவிடலாம். மூலையில் கொஞ்சம் வெறும் மண்ணை மண்ணாகவே விடலாம். தும்பையையும் ஆவாரையையும் எருக்கையும் களை என்று பிடுங்காமல் இருக்கலாம். எருக்கம்பூவைக் காயாக்குவது கருவண்டு. எருக்கிலையைத் தின்று வளர்வது ஒரு வண்ணத்துப்பூச்சியின் புழு. இதைச் சொன்னவுடன், பார்த்தீனியத்தையும் வளர்க்கச் சொல்கிறார்களா என்று சிலர் கேட்பார்கள். இல்லை. அதைப் பிடுங்கத்தான் வேண்டும், பூப்பதற்கு முன்பே. எதைப் பிடுங்குவது, எதை விடுவது என்பது கிராமத்தில் நிலத்தில் நின்று வளர்ந்த தொழிலாளிக்குத் தெரிகிற அளவுக்கு டெண்டர் எழுதுகிறவருக்குத் தெரியாது.

மரம் நடுவதிலும் ஒரு கண் வேண்டும். கண்ணுக்குக் குளிர்ச்சியாக மேமாதப்பூ மரமும் ஜாகரந்தாவும் நகரெங்கும் நிற்கின்றன. ஒன்று மடகாஸ்கர், மற்றது தென் அமெரிக்கா. தைலமரம் ஆஸ்திரேலியாவிலிருந்து வந்தது. என்றாலும் அது பூக்கும்போது மலைத்தேனீ மொய்ப்பதைப் பார்த்தவர்கள் வெளிநாட்டு மரமெல்லாம் வீண் என்று சொல்லமாட்டார்கள். இருப்பதை வெட்டவேண்டியதில்லை. இனி நடும்போது புங்கம், நாவல், வேம்பு, இலுப்பை, மந்தாரை என்று மாதத்துக்கு ஒரு பூவாக வருகிறபடி பார்த்து நட்டால் போதும்.

மலைத்தேனீ விஷயம் மட்டும் கொஞ்சம் நிதானமாகப் பேசவேண்டியது. அது கொட்டும், துரத்திக் கொட்டும், உயிரும் போயிருக்கிறது. கல்லெறிகிற பையன் ஓடிவிடுவான். அகப்படுகிறவர்கள் வாட்ச்மேனும் தோட்டக்காரரும் துப்புரவுத் தொழிலாளியும்தான். ஆகவே வகுப்பறை ஜன்னல் மேல் கட்டிய கூட்டை அங்கேயே விடுங்கள் என்று சொல்வது நியாயமாகாது. ஆனால் ஆள் நடமாட்டமில்லாத உயரத்தில், பெரிய மரத்தில் கட்டிய கூட்டையும் மருந்தடித்துக் கொல்வது எந்த நியாயம்? இந்தத் தேனீக்கள் நிரந்தரக் குடித்தனக்காரர்கள் அல்ல. பருவத்துக்கு வந்து தங்கிவிட்டு, மழை பிடிக்கும்போது கிளம்பிவிடுகிறவை. மாதக்கணக்கில் எங்கோ போய்விட்டு மறுபருவம் பழைய இடத்துக்கே திரும்பி வருகின்றன என்பது 2000-ஆம் ஆண்டில் மரபணுச் சோதனையால் உறுதிப்பட்டது. ஊருக்குப் போய்வரும் தொழிலாளி பழைய அறைக்கே திரும்புவது போல. மரத்தடியில் கயிறு கட்டி எச்சரிக்கைப் பலகை வைத்துச் சில மாதம் ஒதுங்கியிருந்தால் போதும். அகற்றியே தீரவேண்டிய கூட்டுக்குப் பழக்கமுள்ள தேன்காரர்களைக் கூப்பிடலாம். அந்த வேலையைத் தினக்கூலிக்காரர் கையில் பம்பைக் கொடுத்துச் செய்யச் சொல்வது தேனீக்கும் கேடு, ஆளுக்கும் கேடு.

பம்பு என்றதும் இன்னொன்றையும் சொல்லியாகவேண்டும். பூ விரிந்திருக்கிற காலை நேரத்தில் அடிக்கும் பூச்சிமருந்து தேனீயைக் கொல்லுகிறது. அதே மருந்தைக் கையுறையில்லாமல் கலக்கி, முகத்தில் துண்டைக் கட்டிக்கொண்டு அடிக்கிறவர் உடம்பிலும் அது ஏறுகிறது. சாயங்காலம் அதே கையோடு சோறு சாப்பிடுகிறார். மருந்தைக் குறைத்தால் முதல் லாபம் அவருக்கு. தேனீக்காகப் பேசுகிற பேராசிரியர்கள் இந்த இரண்டையும் சேர்த்துப் பேசினால் கொட்டகையில் அவர்களுக்கு ஆதரவு கிடைக்கும்.

தொழிலாளிக்கு மனம் இல்லாமல் இல்லை. இந்த நகரின் தோட்டக்கலையே பரம்பரையாகத் திகளர் சமூகத்தின் கைவண்ணம். அவர்களுடைய முன்னோர் தமிழ்நாட்டுப் பக்கத்திலிருந்து வந்தவர்கள் என்று சொல்லப்படுவதுண்டு. பிரச்சினை காண்டிராக்டில் இருக்கிறது. களை இருக்கக்கூடாது, சருகு இருக்கக்கூடாது, புல் இத்தனை அங்குலத்துக்கு மேல் வளரக்கூடாது, தவறினால் பிடித்தம் என்று எழுதிவைத்துவிட்டால், காண்டிராக்டர் மேஸ்திரியை விரட்டுவார். மேஸ்திரி ஆளை விரட்டுவார். தும்பைச் செடியைப் பாவம் என்று விட்டுவைத்த தோட்டக்காரருக்கு அரைநாள் கூலி போகும். தர மதிப்பீட்டுக் குழு வருகிறதென்றால் கேட்கவே வேண்டாம். காய்ந்த தண்டு ஒன்றுகூட மிஞ்சாது. பசுமைக்கு மதிப்பெண் வாங்குவதற்காக நடக்கிற காரியம் இது!

அந்தக் காண்டிராக்டில் நாலு வரி மாறினால் பாதி வேலை முடிந்தது. வளாகத்தில் இன்ன இன்ன பகுதி வெட்டப்படாது. பூக்கும் பருவத்தில் பகலில் மருந்து அடிக்கப்படாது. சருகு கொளுத்தப்படாது, குழியில் மக்கவைக்கப்படும். இவற்றுக்காகத் தொழிலாளியின் கூலியில் பிடித்தம் கிடையாது. துணைவேந்தர் கையெழுத்துப் போடுவார், சரி. ஆனால் வரைவு எழுதுவதும், போன வருஷத்து நகலை எடுத்துத் தேதியை மட்டும் மாற்றி மேஜைக்கு அனுப்புவதும் அலுவலகக் குமாஸ்தாதான். அந்த நாற்காலிகளிலும் தமிழர்கள் இருக்கிறார்கள். கொட்டகையில் இருக்கிறவரும் நாற்காலியில் இருக்கிறவரும் ஒரே பஸ்ஸில் வீடு திரும்புகிறவர்கள். எந்த மூலையை விடலாம், எந்த மரத்தில் கூடு விழும் என்று ஒருவருக்குத் தெரியும். அதை எந்தப் பத்தியில் சேர்க்கலாம் என்று மற்றவருக்குத் தெரியும். புதுக் கணக்கு ஏப்ரலில் தொடங்குகிறது. புங்கம் பூப்பதற்கு முன்பே அந்த நகல் மேஜைக்கு வந்துவிடும்.