மலாக்காவுக்குக் கப்பல் ஏறினவங்களே, பழவேற்காட்டுக்கு பஸ் எங்கே ஏறணும் தெரியுமா?

மக்களே, இது கொஞ்சம் சூடான பதிவு. ஆபீஸ்ல ஆணி புடுங்குற நேரத்துல நடுநடுவே எழுதினது. எழுத்துப்பிழை இருந்தா பொறுத்துக்கோங்க, கருத்துப்பிழை இருந்தா பின்னூட்டத்துல வந்து கும்முங்க.

கொஞ்ச நாளாவே பாக்குறேன். சிங்கப்பூர்ல சொகுசுக் கப்பல் ஏறி மூணு நாள் சுத்திட்டு வர்ற நம்ம ஆளுங்க எல்லாரும் ஒரே பதிவைத்தான் எழுதுறாங்க. முதல் பாதி முழுக்க பஃபே. ரெண்டாம் பாதி, நடுவுல ஒரு நாள் இறக்கி விட்ட ஊர். சிவப்புக் கட்டடம் முன்னாடி ஒரு போட்டோ, பூ ஜோடிச்ச ரிக்‌ஷாவுல ஒரு போட்டோ. கடைசியா ஒரு பெருமூச்சு: "வரலாறை எப்படி காப்பாத்தி வச்சிருக்கான் பாருங்க, நம்மூர்ல என்ன இருக்கு?"

அந்தக் கடைசி வரிதான் என் கடுப்பு.

முதல்லயே ஒத்துக்கறேன், நானும் அந்த கோஷ்டிதான். போன வருஷம் அம்மாவைக் கூட்டிக்கிட்டு இதே மாதிரி மலாக்கா போனேன். கப்பல் கடல்லயே நின்னுடுச்சு, சின்னப் படகுல மாத்தி ஏத்தி கரையில விட்டாங்க. சட்டையில நம்பர் ஸ்டிக்கர். கையில ஆறு மணி நேரம்.

1511ல போர்ச்சுகீசியர் பிடிச்ச ஊர், 1641ல டச்சுக்காரங்க அவங்ககிட்ட இருந்து பிடுங்கின ஊர். 1753ல கட்டின சிவப்பு சர்ச். குன்று மேல கூரை இல்லாத பழைய சர்ச், அது உள்ள சுவர்ல சாய்ச்சு வச்ச கல்லறைக் கல்லுங்க. 2008ல யுனெஸ்கோ பட்டியல்ல சேர்ந்த ஊராச்சே! நானும் பேய் மாதிரி போட்டோ எடுத்தேன்.

அப்புறம் ஒரு துணிக்கடை. அம்மா அப்பாவுக்கு ஒரு கட்டம் போட்ட கைலி பாத்துக்கிட்டு இருந்தாங்க. கடைக்காரர் தமிழ் பேசுற பெரியவர். "இதுக்கு இங்க பேரு கெய்ன் பெலேக்காட்ம்மா"ன்னார். அம்மா யோசிக்கவே இல்ல. "பெலேக்காட்டா? எங்க பழவேற்காடு மாதிரி இருக்கே?" அவர் சிரிச்சுட்டு, "அதேதாம்மா. அந்தக் காலத்துல அங்கேருந்து வந்த துணி, பேரு அப்படியே நின்னுடுச்சு"ன்னார்.

எனக்கு மூஞ்சியை எங்க வச்சுக்கறதுன்னு தெரியல. நான் கும்மிடிப்பூண்டில வளர்ந்தவன். சிப்காட் ஷிப்டு பஸ்ஸைப் பாத்து மணி சொன்னவன். ரயில்ல ரெண்டு ஸ்டேஷன் தள்ளி பொன்னேரி, அங்கேருந்து பஸ் பிடிச்சா பழவேற்காடு. அந்த ஊர் எனக்கு எறாலும் நண்டும் பூநாரையும்தான். அந்த ஊர் பேரை இடுப்புல கட்டிக்கிட்டு மலாய்க்காரங்க தலைமுறை தலைமுறையா வாழ்ந்துக்கிட்டு இருக்காங்க. பக்கத்து ஊர்க்காரன் எனக்கு, கடல் தாண்டி வந்து ஒரு கடைக்காரர் பாடம் எடுக்க வேண்டியிருக்கு.

திரும்பி வந்து படிச்சுப் பாத்தேன். டச்சுக்காரங்க 1613ல பழவேற்காட்டுல கெல்டிரியா கோட்டை கட்டினாங்க. 1690ல நாகப்பட்டினத்துக்கு மாத்துற வரைக்கும் சோழமண்டலக் கரையில அவங்களோட தலைமையிடம் இதுதான். இங்கே நெசவான துணியைக் கொண்டுபோய் கொடுத்துத்தான் அந்தப் பக்கத்துத் தீவுகள்ல கிராம்பும் ஜாதிக்காயும் வாங்கினாங்க. டச்சுக்காரன் வர்றதுக்கு முன்னாடியே பழவேற்காட்டுக்கும் மலாக்காவுக்கும் துணி வியாபாரம் நடந்ததை தோமே பிரெஸ்ங்கற போர்ச்சுகீசியர் மலாக்காவுல இருந்தே எழுதி வச்சிருக்கார். இன்னொண்ணு கேளுங்க. 1824ல லண்டன்ல இங்கிலீஷ்காரனும் டச்சுக்காரனும் ஒரு ஒப்பந்தம் போட்டாங்க. மலாக்காவை இங்கிலீஷ்காரனுக்குக் கொடுத்த அதே காகிதம்தான் பழவேற்காட்டையும் கொடுத்துச்சு. ரெண்டும் ஒரே வரலாறோட ரெண்டு கரை. ஒரு கரைக்கு டாலர் கட்டிப் போறோம். இன்னொரு கரையைப் பத்தி "என்ன இருக்கு"ங்கறோம்.

இப்ப அடுத்த கோஷ்டி. இப்படி எழுதினா உடனே ஓடி வந்து "கடாரம் கொண்டான்டா! தமிழன் கடலையே ஆண்டவன்டா!"ன்னு மார் தட்டுவாங்க. அண்ணே, ராஜேந்திர சோழன் கப்பல் அனுப்பினது பெருமைதான், ஆயிரம் வருஷம் ஆச்சு. அதுக்கு அப்புறம் இந்தக் கரையிலேருந்து போன கப்பல்ல துணி மட்டும் போகல. பதினேழாம் நூற்றாண்டுல பஞ்சம் வந்தப்பல்லாம், சோத்துக்கு வழியில்லாம விலைபோன நம்ம ஜனங்களை டச்சுக் கம்பெனி வாங்கி, பழவேற்காடு மாதிரி துறைமுகங்கள்லேருந்து பத்தாவியாவுக்கு, அதாவது இன்னிக்கு ஜகார்த்தாவுக்கு, அடிமையா ஏத்துச்சு. ஆண்ட பரம்பரைன்னு ஸ்டேட்டஸ் போடுறவங்க யாரும் இந்தக் கப்பலைப் பத்தி ஒரு வரி போட்டு நான் பாத்ததில்ல.

ஒரு ஞாயித்துக்கிழமை அம்மாவோட பழவேற்காடு போனேன். வேணும்னே அதே ஆறு மணி நேரக் கணக்கு. டச்சுக் கல்லறைத் தோட்டம் தொல்லியல் துறை பாதுகாப்புல இருக்கு. வாசல்ல ரெண்டு எலும்புக்கூட்டைச் செதுக்கி வச்சிருக்காங்க, உள்ள பேரும் தேதியும் பொறிச்ச அழகான கல்லுங்க. கோட்டை இருந்த இடம் புதர் மண்டின மேடு. தெருவுல பெண்கள் பனை ஓலையில கூடை முடையறாங்க. அம்மா ஒண்ணு வாங்கிட்டு, கல்லறைப் பக்கம் திரும்பிக் கேட்டாங்க: "வித்தவன் பேரு கல்லுல இருக்கு. வித்துட்டுப் போனாங்களே நம்ம ஜனங்க, அவங்க பேரு எங்கடா இருக்கு?"

எங்கேயும் இல்ல. நெய்த கைக்கும் கல்லு கிடையாது, கப்பல்ல ஏத்தின ஜனத்துக்கும் கிடையாது. மிச்சம் இருக்கறது ஒரு கைலியோட பேரு மட்டும்தான்.

"அங்கே ஓட்டல் இல்ல, கக்கூஸ் இல்ல, குப்பை"ன்னு சொல்லுவீங்க. வாஸ்தவம்தான். ஆனா மலாக்காவுல பளபளன்னு இருக்கறதுக்குக் காரணம், தினமும் ஜனம் போய் "இது என்ன, இது யாரு"ன்னு கேக்குது. நம்ம கரையில அப்படிக் கேக்க ஆள் இல்ல. கேக்க ஆள் இல்லாத ஊரை எந்த அரசாங்கம் திரும்பிப் பாக்கும்? நாளைக்கு அந்த மேட்டையே எவனாவது சமன் பண்ணிட்டாக்கூட நமக்குத் தெரியாது. தெரிஞ்சாலும் "ஐயோ பாவம்"னு ஒரு பதிவு போட்டுட்டு அடுத்த கப்பலுக்கு புக் பண்ணுவோம்.

கப்பல்ல போகாதீங்கன்னு சொல்லல. தாராளமா போங்க, பஃபேல ரெண்டு ரவுண்டு சேத்து சாப்பிடுங்க. ஆனா மலாக்காவுல இறங்கறதுக்கு முன்னாடி ஒரு ஞாயித்துக்கிழமை பொன்னேரில பஸ் ஏறி பழவேற்காட்டைப் பாத்துட்டுப் போங்க. அப்பதான் அந்த ஆறு மணி நேரத்துல என்ன பாக்கறோம்னே புரியும். பாத்துட்டு வந்து "நம்மூர்ல என்ன இருக்கு"ன்னு எழுதுங்க, கேள்விக்குறி இல்லாம.

டிஸ்கி: அப்பா அந்த கைலியைக் கட்டிப் பாத்துட்டு, "இதை வாங்க கப்பல்லயா போனீங்க?"ன்னு கேட்டார். பதில் சொல்லத் தெரியாமத்தான் இந்தப் பதிவு :-)