9404-ஆ, 9701-ஆ? குயில்ட் ஓவியத்தின் பின்பக்கம்

2025 செப்டம்பர் 3 அன்று கூடிய ஜிஎஸ்டி மன்றத்தின் 56ஆவது கூட்டம் 12 விழுக்காட்டு வரி அடுக்கை நீக்க முடிவெடுத்தது. அம்முடிவு 17ஆம் நாளிட்ட அறிவிக்கையாக வெளிவந்து 22ஆம் நாள் முதல் நடைமுறைக்கு வந்தபோது, குயில்ட் துறையில் பெரிதும் பேசப்பட்டது 5 விழுக்காட்டுச் சலுகைக்கான விலை வரம்பு 1,000 ரூபாயிலிருந்து 2,500 ரூபாயாக உயர்ந்த செய்தியே. படுக்கைக்குத் தைப்போருக்கு அது நற்செய்திதான். ஆனால் சுவருக்கெனத் தைக்கப்படும் படக் குயில்ட்டுக்கு, அதாவது மேல்துணி, நடுப்பஞ்சு, அடித்துணி ஆகிய மூன்று அடுக்குகளையும் தையலால் பிணைத்து இலையையும் நீரையும் பாறையையும் துணியில் எழுப்பும் படைப்புக்கு, அதே அறிவிக்கை கேடாக முடிந்திருக்கிறது. முன்பு 1,000 ரூபாய்க்கு மேற்பட்ட குயில்ட்டுக்கும் 12 விழுக்காடு, ஓவியத்துக்கும் 12 விழுக்காடு. ஆகவே ஒரு படைப்பு வரி வகைப்பாட்டின் எந்தத் தலைப்பு எண்ணில் விழுகிறது என்ற கேள்வி கணக்கரைத் தவிர வேறு எவரையும் தொடவில்லை. இன்று 2,500 ரூபாயைத் தாண்டிய குயில்ட் 9404ஆம் தலைப்பில் 18 விழுக்காட்டுக்கு ஏறிவிட்டது. ஓவியமும் கொலாஜும் 9701ஆம் தலைப்பில் 5 விழுக்காட்டுக்கு இறங்கிவிட்டன. புதுச்சேரியின் ஊசுடு ஏரியில் உள்ள அல்லிப் பரப்பைக் காட்டும் 10,000 ரூபாய்ப் படைப்பு ஒன்று கித்தானில் தீட்டப்பட்டிருந்தால் 500 ரூபாய் வரி, துணியில் தைக்கப்பட்டிருந்தால் 1,800 ரூபாய் வரி.

இதற்கு எளிதில் தோன்றும் மாற்றுவழி, விலைப்பட்டியலில் 'குயில்ட்' என்று எழுதாமல் 'சுவர்த்தொங்கல்' என்று எழுதுவது. அது பயன் தராது. வீட்டு அலங்காரத் துணிகளுக்குரிய 6304ஆம் தலைப்பும் 2,500 ரூபாய்க்கு மேல் 18 விழுக்காட்டிலேயே நிற்கிறது. ஊசித்தையல் திரைச்சீலைகளுக்குரிய 5805ஆம் தலைப்பு 5 விழுக்காட்டுக்கு இறங்கியிருப்பது கவர்ச்சியாகத் தோன்றலாம். ஆனால் அத்தலைப்பு கட்டித்துணியின் கண்களை ஊசியால் நிரப்பும் 'பெட்டி பாயின்ட்', குறுக்குத்தையல் போன்ற வேலைகளைக் கருதி எழுதப்பட்டது. பஞ்சு வைத்து எந்திரத்தில் தைத்த மூன்றடுக்குப் படைப்பை அதற்குள் நுழைப்பது முதல் ஆய்விலேயே அடிபட்டுப்போகும்.

9701ஆம் தலைப்பின் சொல்லமைப்பை நிதானமாகப் படிப்போருக்கு வேறொரு வாயில் தெரியும். 'முழுவதும் கையால் செய்யப்பட்ட' என்ற நிபந்தனை அதில் ஓவியம், வரைபடம், பாஸ்டல் ஆகியவற்றை மட்டுமே கட்டுப்படுத்துகிறது. அரைப்புள்ளிக்குப் பின் வரும் 'கொலாஜ், மொசைக், அவை போன்ற அலங்காரப் பலகைகள்' என்ற பகுதியின்மேல் அந்நிபந்தனை இல்லை. கொலாஜ் என்பது பலவகைப் பொருள்களின் துண்டுகளைக் காட்சியாகவோ அலங்கார வடிவாகவோ சேர்த்து, மரம், தாள், துணி போன்ற பின்தளத்தில் ஒட்டியோ வேறு வகையில் பொருத்தியோ ஆக்கப்படுவது என்று உலகச் சுங்க அமைப்பின் விளக்கக் குறிப்பு கூறுகிறது. ஓரம் மடிக்காத துணித்துண்டுகளை அடுக்கி, எந்திரத்தின் பற்களை இறக்கிவிட்டுத் துணியைக் கைப்போக்கில் நகர்த்தித் தைக்கும் விடுதையலால் அவற்றை நிலைநிறுத்தும் இயற்கைக் குயில்ட் ஒன்றை இதைவிடத் துல்லியமாக எந்த வரிச்சட்டமும் வருணித்ததில்லை. ஆகவே ஒருமுறை மட்டும் ஆக்கப்பட்டு, ஆக்கியவர் பெயரால் விற்கப்படும் படக் குயில்ட் 9701இல் கொலாஜாகவே கருதப்பட வேண்டும் என்பது இவ்விதழின் நிலைப்பாடு. ஆலையில் அச்சிட்ட படத்தின்மேல் தையல் ஓட்டியவையும், கடையில் வாங்கிய ரஜாய் என்னும் பஞ்சுப் போர்வையின்மேல் வண்ணம் தீட்டியவையும் இதில் சேரா. அவற்றுக்காக வாதாடுவது நியாயமான வழக்கையும் கெடுத்துவிடும்.

எதிர்வாதம் தெரிந்ததே: உள்ளே பஞ்சு இருக்கிறது, எனவே இது படுக்கைப் பொருள். 94ஆம் அத்தியாயம் பஞ்சு அடைத்த படுக்கைச் சாமான்களைப் பேசுகிறது என்பது உண்மை. ஆனால் குளிர் என்பதையே அறியாத கடற்கரை நகரில் சுவரில் தொங்கும் படத்துக்குள் வைக்கப்படும் பஞ்சு எவரையும் போர்த்துவதற்கு அன்று. தையல் அழுத்திய இடம் பள்ளமாகவும் அழுத்தாத இடம் மேடாகவும் நின்று, புதுச்சேரியின் கோரிமேட்டுச் செம்மண் சரிவின் அரிப்புக் கோடுகளுக்கு நிழல் தருவதற்கே அது வைக்கப்படுகிறது. பொருளின் உடலைப் பார்த்துப் பயனை ஊகிக்கும் அதிகாரியின் பழக்கம் புதியதும் அன்று. 1926இல் பிரான்குசியின் 'வெளியில் பறவை' என்ற வெண்கலச் சிற்பம் நியூயார்க் துறைமுகத்தில் இறங்கியபோது, அமெரிக்கச் சுங்கத் துறை அதைச் சமையல் கருவிகளும் மருத்துவமனைச் சாதனங்களும் அடங்கிய இனத்தில் சேர்த்து 40 விழுக்காடு தீர்வை விதித்தது. அது கலைப்படைப்பே என்ற தீர்ப்பைப் பெற 1928 நவம்பர் வரை வழக்காட வேண்டியிருந்தது. குயில்ட்டைப் பொறுத்தவரை, நியூயார்க்கின் விட்னி அருங்காட்சியகம் 1971இலேயே அதைச் சுவரில் ஓவியமாகத் தொங்கவிட்டுக் காட்டிவிட்டது.

இவ்விடத்தில்தான் இவ்விதழ் நெடுங்காலமாக வற்புறுத்தி வரும் ஒன்று, அதாவது குயில்ட்டின் பின்பக்கம், அழகியல் பிடிவாதமாக இல்லாமல் சட்டச் சான்றாக மாறுகிறது. முன்பக்கத்தில் காயாவும் வீரையும் பாலையும் அடர்ந்த உலர் பசுமைமாறாக் காட்டை எத்துணை நுட்பமாக எழுப்பினாலும், படைப்பின் நான்கு ஓரங்களிலும் ஒரு பட்டைத்துணியைச் சுற்றி மடித்துத் தைத்துவிட்டால், அந்தப் பட்டைக்கரை பார்ப்பவரிடம் 'போர்வை' என்றே சொல்லும். அந்த ஓரத்தை உருவாக்கியதே படுக்கையில் நாள்தோறும் இழுபடும் துணியின் தேய்மானம்தான். சுவர்ப்படைப்புக்கு உரியது முகப்புமடிப்பு: ஓரத்துண்டை முன்பக்கத்தோடு நேர்முகமாக வைத்துத் தைத்து, மூலைத் தையல்விளிம்பைக் கத்தரித்து, முழுவதையும் பின்னால் திருப்பி, மறைதையலால் அடக்குவது. இவ்வாறு முடித்தால் காட்சி விளிம்புவரை ஓடுகிறது; ஓரம் இலையின் வெளிக்கோட்டைப் பின்பற்றி வளைய வேண்டுமென்றாலும் அதற்கு இடம் கிடைக்கிறது. அவ்வாறு வளைந்த ஓரத்தைக் கொண்ட பொருளை எந்தக் கட்டிலில் விரிப்பது என்று ஆய்வாளர்தான் சொல்ல வேண்டும்.

அடுத்தது தொங்குறை, அதாவது பின்பக்க மேல்விளிம்பில் கோல் நுழைப்பதற்காகத் தைக்கப்படும் துணிக்குழல். கண்காட்சிகள் பொதுவாகக் கேட்கும் 4 அங்குல அகலத்தில், கோலின் பருமன் முன்பக்கத்தில் புடைத்துத் தெரியாதபடி வெளிப்புறத்தில் சற்றுத் தொய்வு விட்டு, மேல், கீழ் இரு விளிம்புகளையும் அடித்துணியோடும் பஞ்சோடும் மட்டும் பிடித்துக் கையால் தைக்கப்பட வேண்டிய இவ்வுறுப்பை, விற்பனை முடிந்த பிறகு வாங்குபவர் கேட்டால் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டுவிடும் வழக்கம் இன்னும் இருக்கிறது. அந்த அலட்சியத்தின் விலை இப்போது 13 விழுக்காடு. ஆக்கியவர் பெயர், படைப்பின் தலைப்பு, ஆண்டு, அளவு, பயன்படுத்திய துணியும் சாயமும் ஆகியவற்றை அழியா மையில் எழுதிய பெயர்த்துணியும் தனியே ஒட்டப்படாமல் தொங்குறைக்குக் கீழே தையலோடு சேர்ந்திருக்க வேண்டும். படைப்பை ஈரப்படுத்தி, பலகையில் குண்டூசியால் இழுத்துப் பொருத்தி, நேர்கோணத்துக்கு உலரவிடும் சதுரமாக்கலை ஓரம் மடிப்பதற்கு முன்பே செய்துவிட வேண்டும். அவுரி நீலம் சேர்ந்த துணியாயின் வெள்ளைத் துணியால் தேய்த்துச் சாயம் ஒட்டுகிறதா என்று பார்த்த பின்பே நீரைத் தொட வேண்டும். செனகலின் கோந்து வணிகத்தில் நாணயம்போல் செல்லுபடியான நீலத்துணியை ஏற்றுமதி செய்த ஊர் புதுச்சேரி. அவுரியின் குணத்தை இங்கே விரித்துரைக்கத் தேவையில்லை.

முன்பக்கத்தின் நிழற்படத்தையும் விலையையும் மட்டும் வைத்துக்கொண்டு வகைப்படுத்தும் முறையில் இவற்றுள் ஒன்றும் கணக்கில் வருவதில்லை. தையல் என்றாலே மேசைவிரிப்பு, தலையணையுறை என்று எண்ணும் மனப்போக்கு புதுவையின் பழைய நோய். குளூனி கன்னியர் மடத்தின் பூத்தையல் உலகறிந்ததாக இருந்தும் அது வீட்டுத்துணி என்ற பெயரிலேயே விற்பனையாகிறது. தஞ்சை வட்டாரத்தில் துணித்துண்டுகளை ஒட்டித்தைத்துத் தேருக்குத் தொம்பை என்னும் துணித்தொங்கல் கட்டும் மரபு வாழ்ந்துகொண்டிருக்க, துணியில் படம் அமைப்பதை மேலைநாட்டுப் பொழுதுபோக்காகக் கருதும் அறியாமையை என்னென்பது? வரி விகிதத்தை மாற்றியவர்கள் கொலாஜுக்கும் குயில்ட்டுக்கும் இடைப்பட்ட எல்லையை ஒரு வரியில் விளக்கியிருக்கலாம், விளக்கவில்லை.

ஐயம் உள்ளவர் முன்தீர்ப்பு ஆணையத்தை அணுகலாம் என்பது சட்டத்தின் விடை. அதற்குக் கட்டணம் மத்திய, மாநிலச் சட்டங்களின்கீழ் ஐயாயிரம் வீதம் பத்தாயிரம் ரூபாய். கிடைக்கும் தீர்ப்போ விண்ணப்பித்தவரையும் அவருக்குரிய அதிகாரியையும் மட்டுமே கட்டுப்படுத்தும். ஒருவர் வென்றாலும் அடுத்த தெருவில் தைப்பவர் மீண்டும் அதே பத்தாயிரத்தைக் கட்டி அதே கேள்வியைக் கேட்க வேண்டும்.

கோரிமேட்டில் இருப்போருக்கு இதன்மேல் இன்னொரு சுமையும் உண்டு. சரக்கு விற்போர் ஜிஎஸ்டி பதிவு பெறுவதற்கான ஆண்டு விற்றுமுதல் வரம்பு 2019 ஏப்ரல் முதல் 40 லட்சம் ரூபாயாக உயர்ந்தபோது, புதுச்சேரி 20 லட்சத்திலேயே தங்கிவிட்டது. ஜிப்மர் வளாகத்தைத் தாண்டினால் தமிழ்நாட்டின் எல்லை; பட்டானூரில் தைப்பவர் 40 லட்சம் வரை பதிவின்றி விற்கலாம், சாலையின் இப்பக்கம் தைப்பவருக்கு அதில் பாதியே. பதிவு பெறாதவர் தம் படைப்பை அந்த எல்லைக்கு அப்பால் விற்றால் அது மாநிலங்களுக்கிடையிலான விற்பனை. விலக்களிக்கப்பட்ட கைவினைப் பொருள்களின் பட்டியலுக்குள் அது வந்தால்தான் பதிவுக் கட்டாயத்திலிருந்து தப்பலாம். அவ்வாறு தப்பினாலும் மதிப்பு எவ்வளவு குறைவாயினும் மின்வழிச்சீட்டு (இ-வே பில்) எடுத்தாக வேண்டும். பத்து நிமிடத்தில் கடக்கும் தொலைவுக்கு ஒரு துணிச்சுருளோடு மின்வழிச்சீட்டைக் கேட்கும் நிர்வாகம், அந்தச் சுருள் போர்வையா படமா என்பதை மட்டும் இன்றுவரை சொல்ல மறுக்கிறது. வரம்பை உயர்த்தக் கோரும் உரிமை புதுச்சேரி அரசிடம் இருந்தும் 2019 முதல் அது பயன்படுத்தப்படாமல் கிடப்பதற்குக் கலைஞர்களிடம் விளக்கம் சொன்னவர் எவரும் இல்லை.

பதிவு பெற்ற கலைஞர்களும் அவர்களுடைய படைப்புகளை விற்கும் காட்சிக்கூடங்களும் கூட்டாகச் செலவைப் பகிர்ந்து, தொங்குறையும் முகப்புமடிப்பும் பெயர்த்துணியும் உள்ள ஒரே படைப்பை மாதிரி வழக்காக்கிப் புதுச்சேரி ஆணையத்தின் முன் முதலில் கொண்டுசெல்வது நலம். அத்தீர்ப்பு பிறரைக் கட்டுப்படுத்தாவிடினும் பிற்கால வாதங்களுக்கு எடுத்துக்காட்டாக நிற்கும். அதுவரை 9701இல் விலைப்பட்டியல் எழுதுவோர், குறைவாகக் கட்டிய வரி வட்டியோடு திரும்பக் கேட்கப்படக்கூடும் என்பதை அறிந்தே எழுத வேண்டும். விற்கும் ஒவ்வொரு படைப்பின் பின்பக்கத்தையும் ஓரமும் தொங்குறையும் பெயர்த்துணியும் தெளிவாகத் தெரியும்படி நிழற்படமெடுத்து, விலைப்பட்டியலின் நகலோடு இணைத்து வைக்க வேண்டும்.