கதிரியல் மாநாடுகள் யாருக்காக?

விஞ்ஞான மாநாடுகளைப் பற்றிப் பேசும்பொழுது அங்கு வாசிக்கப்பட்ட கட்டுரைகளைப் பற்றியே பேசுவது நமது வழக்கமாகிவிட்டது. அக்கட்டுரைகளைத் தெரிவு செய்தவர் யாவர், எவ்வடிப்படையில் தெரிவு செய்தனர், செலவைப் பொறுப்பேற்றவர் யாவர், வர இயலாது போனவர் யாவர் என்ற வினாக்கள் எழுப்பப்படுவது அரிது. ஆயின், ஒரு மாநாட்டின் குணம் அது தொடங்கும் நாளுக்கு ஓராண்டிற்கும் மேலாக முன்னரே, திட்டமிடும் குழுவின் மேசையில் நிர்ணயிக்கப்பட்டுவிடுகின்றது. மருத்துவப் படிமவியல் துறையின் ஆண்டு மாநாடுகள் இதற்குத் தக்க சான்றாகும். கலைப்பீட மாணவனுக்கு எக்ஸ் கதிரோடு என்ன உறவு எனச் சிலர் வினவக்கூடும். கதிரின் இயல்பை ஆராய்வது பௌதிகவியலாளரின் பணி. அக்கதிரால் விளைந்த அறிவு மக்களிடையே எவ்வாறு பங்கிடப்படுகின்றது என்பதோ சமுதாயத்தைப் பயில்வோர் அனைவருக்கும் உரிய வினா.

இத்துறையின் தோற்றத்தை முதலில் நோக்குவோம். 1895ஆம் ஆண்டு நவம்பர் 8ஆந் திகதி ஜேர்மனியின் வூர்ஸ்பேர்க் நகரில் வில்ஹெல்ம் றொன்ற்ஜென் எக்ஸ் கதிரைக் கண்டறிந்தார். 1896 ஜனவரி 23ஆந் திகதி அந்நகரின் பௌதிக மருத்துவக் கழகத்தின் முன் உரையாற்றிய அவர், உடற்கூற்றியலறிஞர் கொலிக்கரின் கையை அவையோர் முன்னிலையிலேயே படம்பிடித்துக் காட்டினார். தமது கண்டுபிடிப்புக்கு அவர் காப்புரிமை பெறவில்லை. 1901இல் கிடைத்த நோபல் பரிசுப் பணத்தையும் தமது பல்கலைக்கழகத்திற்கே வழங்கினார். படிமவியலின் முதற் கூட்டம், கண்டதை யாவர்க்கும் பொதுவாக்கிய கூட்டமாகவே அமைந்தது.

அதன் பின்னர் நடைபெற்ற சர்வதேச மாநாடுகளும் வெறுங் காட்சிகளாக இருக்கவில்லை. ஆரம்ப காலத்தில் இக்கதிரோடு பழகியோர் பலர் விரல்களை இழந்தனர், உயிரையும் இழந்தனர். 1936இல் ஹம்பேர்க் நகரின் வைத்தியசாலை வளவொன்றில் அவர்களுக்கென எழுப்பப்பட்ட நினைவுத்தூண் இன்றும் அதற்குச் சான்றாக நிற்கின்றது. இந்நிலையில், 1925இல் லண்டனிற் கூடிய முதலாவது சர்வதேசக் கதிரியல் மாநாடு கதிரை அளக்கும் அலகுகளுக்கென ஒரு குழுவை அமைத்தது. 1928இல் ஸ்ரொக்ஹோமிற் கூடிய இரண்டாவது மாநாடு கதிர்ப் பாதுகாப்புக்கென மற்றொரு குழுவை அமைத்தது. இன்று உலகெங்கும் வைத்தியசாலைகளிற் பின்பற்றப்படும் பாதுகாப்பு விதிகளின் வேர் அங்கேயே உள்ளது. மாநாட்டைத் திட்டமிட்டோர், தொழிலாளிக்கும் நோயாளிக்கும் எது தேவை என்று வினவினர். அதனாலேயே வரலாறு அவர்களை நினைவிற் கொள்கின்றது.

இனி, இன்றைய நிலையை நோக்குவோம். 1915இல் நிறுவப்பட்ட வட அமெரிக்கக் கதிரியற் சங்கத்தின் ஆண்டு மாநாடு, பெருந்தொற்றின் காரணமாக முற்றிலும் இணையவழி நிகழ்ந்த 2020 நீங்கலாக, 1985 முதல் சிக்காகோ நகரிலேயே நடைபெற்று வருகின்றது. 2019ஆம் ஆண்டு மாநாட்டில் 50,000க்கு மேற்பட்டோர் கலந்துகொண்டனர். 600க்கு மேற்பட்ட நிறுவனங்கள் தம் பொருள்களைக் காட்சிக்கு வைத்தன. இத்தகைய மாநாட்டின் திட்டமிடல் ஏறக்குறைய ஒரே ஒழுங்கிலேயே நிகழ்கின்றது. இடமும் திகதியும் பல ஆண்டுகளுக்கு முன்னரே குறிக்கப்படும். மூளை, மார்பகம், இதயம், எலும்பு எனத் துறைவாரியாக உபகுழுக்கள் அமையும். ஆய்வுச் சுருக்கங்கள் கோரப்பட்டு மதிப்பெண் இடப்படும். அழைப்புப் பேச்சாளர் தெரிவு செய்யப்படுவர். கண்காட்சி மண்டபத்தின் நிலப்பரப்பு நிறுவனங்களுக்குக் கட்டணத்திற்கு விடப்படும்.

இவ்வொழுங்கிற் குறை யாது? பல மாநாடுகளில் ஆய்வாளர் பெயரை மறைத்தே மதிப்பெண் இடுகின்றனர், அது போற்றத்தக்கதே. ஆயினும் அந்நீதி விண்ணப்பித்தவர்களுக்கிடையே மட்டும் நிலவும் நீதி. புதியதா என்ற அளவுகோல் முதலிடம் பெறும்போது, புதிய இயந்திரம் உள்ள இடத்திலிருந்தே புதிய ஆய்வும் வரும். பழைய எக்ஸ் கதிர் இயந்திரம் ஒன்றைப் பத்தாண்டுகள் பழுதின்றிப் பேணிய அனுபவம் அவ்வளவுகோலுக்குள் எளிதில் அடங்காது. தலையும் நெஞ்சும் வயிறும் எலும்பும் ஒருவரே பார்க்கவேண்டிய சிற்றூர் வைத்தியசாலைக்கு, உறுப்புவாரியாகப் பிரிக்கப்பட்ட நிகழ்ச்சிநிரலில் எவ்விடத்தில் ஆசனம் போடுவது? படத்தை எடுப்பவர் கதிர்ப்படப்பிடிப்பாளர். அதனைத் தரமாக எடுக்கும் வழி பேசப்படும் மேசையில் அவருக்குரிய பங்கு யாது?

பன்அமெரிக்கச் சுகாதார நிறுவனம் 2012இல் விடுத்த அறிக்கையொன்று, உலக மக்களில் மூன்றில் இரு பங்கினருக்கு நோய் காணும் படிமச் சேவை எட்டுவதில்லை எனக் கூறியது. கால் முறிந்தவனுக்கு ஓர் எக்ஸ் கதிர்ப் படமும், கருவுற்றவளுக்கு ஒரு ஸ்கானும் கிட்டாத நிலை அது. இத்துறை எதிர்நோக்கும் மிகப் பெரிய விஞ்ஞானப் பிரச்சினை இதுவேயன்றி வேறெது? அப்பிரச்சினை மாநாட்டின் பேரவையிற் பேசப்படாது, ஓரத்து அறையொன்றின் பிற்பகல் அமர்வுக்குள் ஒதுக்கப்படுமாயின், அதனைத் தற்செயல் என்று கொள்ள இயலாது. அது திட்டமிட்டோரின் தெரிவு.

இதற்கு மறுப்பாகச் சில வாதங்கள் முன்வைக்கப்படும். நிறுவனங்களின் பணமின்றி மாநாடு நடவாது என்பது ஒன்று. கண்காட்சியும் கல்வியும் வேறுவேறாகப் பேணப்படுகின்றன, அதற்கு விதிகளும் உள என்பது மற்றொன்று. விதிகள் உள்ளன என்பதை மறுப்பதற்கில்லை. எந்த நிறுவனமும் உரையை எழுதிக்கொடுப்பதாக நாம் குற்றஞ்சாட்டவுமில்லை. ஆயின், செல்வாக்கு உரைக்குள் மாத்திரம் நுழைவதில்லை. எந்தப் பொருள் பேசத் தகுதியுடையது என்ற எண்ணத்திலும் அது நுழையும். மேலும், பணத்தின் போக்கை மாற்றவே முடியாது என்பதும் உண்மையன்று. மருத்துவக் கருவி நிறுவனங்களின் ஐரோப்பியக் கூட்டமைப்பான மெட்டெக் யூரோப், பிறர் நடத்தும் மாநாடுகளுக்கு உறுப்பு நிறுவனங்கள் வைத்தியர்களை நேரடியாகப் பணங்கொடுத்து அனுப்பும் வழக்கத்தை 2018 ஜனவரி முதல் நிறுத்தியது. வியன்னாவின் ஐரோப்பியக் கதிரியல் மாநாடு அதன் பின்னரும் நடைபெற்றே வருகின்றது.

நாம் புதுமையின் எதிரிகளுமல்லர். நெஞ்சு எக்ஸ் கதிர்ப் படத்திற் காசநோயின் அறிகுறியைக் கணினி மூலம் கண்டறியும் முறையை, 15 வயதுக்கு மேற்பட்டோரின் பரிசோதனைக்கு உலக சுகாதார நிறுவனம் 2021இல் விதந்துரைத்தது. கதிரியல் வைத்தியர் இல்லாத ஊர்களுக்கு மிகப் பயன்படக்கூடிய புதுமை அது. எந்தப் புதுமை யாருக்கு என்று வினவும் குழுவே நமக்கு வேண்டும்.

தூரமும் செலவும் தவிர்க்க முடியாதன என்ற வாதத்தை 2020ஆம் ஆண்டு தகர்த்துவிட்டது. மார்ச்சில் நடக்கவிருந்த வியன்னா மாநாடு ஜூலையில் இணையவழி நடைபெற்றது. சிக்காகோ மாநாடும் அவ்வாறே நடந்தது. விமானச் சீட்டும் விசாவும் இன்றி அறிவு எல்லை கடக்கும் என்பதைத் திட்டமிட்டோரே செயலிற் காட்டினர். ஆகவே, இடம் பற்றிய முடிவும் ஒரு கொள்கை முடிவே. சர்வதேசக் கதிரியல் மாநாடு 1998இல் புதுடில்லியிலும் 2010இல் ஷங்காயிலும் கூடியதை இங்கு நினைவு கூரலாம்.

எனவே நாம் வேண்டுவன இவை. திட்டமிடும் குழுவில் வறிய நாடுகளின் வைத்தியர்க்கும், கதிர்ப்படப்பிடிப்பாளர்க்கும், இயந்திரங்களைப் பழுதுபார்க்கும் பொறியியலாளர்க்கும் வாக்குரிமையுள்ள இடம் வேண்டும். அடிப்படைச் சேவைகளின் பரவல், பராமரிப்பு, பயிற்சி என்பன பேரவை அமர்வுகளாதல் வேண்டும். உரைகளின் பதிவுகள் வறிய நாடுகளுக்குக் கட்டணமின்றித் திறந்துவிடப்படல் வேண்டும். அனுசரணையாளரிடம் பெற்ற தொகையும் அது செலவான வகையும் பகிரங்கமாக வெளியிடப்படல் வேண்டும்.

இவற்றுள் எதுவும் இயலாத காரியமன்று. தம் காலத்தின் தேவையை உணர்ந்த ஒரு தலைமுறை, 1928இல், சில நாள் மாநாட்டிலிருந்து ஒரு நூற்றாண்டுக்குப் பயன்தரும் அமைப்பை உருவாக்கியது. இன்றைய குழுக்களிடம் அவர்களிலும் பன்மடங்கு பணமும் வசதியும் உள்ளன. அடுத்த மாநாட்டின் நிகழ்ச்சிநிரலை வரையக் கூடும்போது, எது புதிது என்று கேட்குமுன், எது எட்டவில்லை என்று அவர்கள் கேட்கட்டும். அவ்வினாவைத் தாமாக அவர்கள் எழுப்பாவிடின், வெளியே நிற்கும் நாம் எழுப்பியே தீரவேண்டும்.