எண்ணெய் இல்லாத தொர்த்தியா

மலேசியா, சிங்கப்பூர்ப் பேரங்காடிகளில் தொர்த்தியா பொட்டலங்கள் இப்போது எளிதாகக் கிடைக்கின்றன. கோழி இறைச்சியையும் காய்கறியையும் உள்ளே வைத்துச் சுருட்டிப் பள்ளிக்குக் கொடுத்தனுப்பப் பெற்றோர் பலர் இவற்றை வாங்குகின்றனர். பார்ப்பதற்குச் சப்பாத்தி போல் இருக்கிறது. கையில் எண்ணெய் ஒட்டுவதில்லை. ஆகவே, இதில் எண்ணெயே இல்லை என்று எண்ணுவோரும் உண்டு. பொட்டலத்தைத் திருப்பி உட்பொருள் பட்டியலைப் படித்தால் உண்மை விளங்கும். கோதுமை மாவுக்கும் நீருக்கும் அடுத்தபடியாகப் பெரும்பாலும் 'தாவர எண்ணெய்' அல்லது 'தாவரக் கொழுப்பு' என்று அச்சிடப்பட்டிருக்கும். மலாய்மொழிப் பட்டியலாக இருந்தால் 'மின்யாக்', 'லெலெமாக்' என்னும் சொற்களைத் தேட வேண்டும். உட்பொருள்களை எடை மிகுந்ததிலிருந்து குறைந்ததுவரை வரிசைப்படுத்தி எழுதுவது விதி. எனவே, பட்டியலின் முன்பகுதியில் இருக்கும் பொருளைச் சிறிதளவுதான் என்று ஒதுக்கிவிட முடியாது.

கொழுப்பைச் சேர்ப்பதற்குக் காரணம் உண்டு. கோதுமை மாவைப் பிசையும்போது அதிலுள்ள பசையம் நீண்ட இழைகளாகப் பின்னிக்கொள்கிறது. கொழுப்பு அவ்விழைகள் இறுகாமல் தடுக்கிறது. அதனால்தான் தொழிற்சாலைத் தொர்த்தியா வாரக்கணக்கில் உறையில் கிடந்தாலும் மடித்தால் உடைவதில்லை. சுமார் 50 கிராம் எடையுள்ள கோதுமைத் தொர்த்தியா ஒன்றில் பொதுவாக 3 முதல் 4 கிராம் கொழுப்பு இருக்கும். ஒரு தேக்கரண்டி எண்ணெயைவிட இது சற்றுக் குறைவுதான். ரொட்டி சானாயில் இருப்பதோடு ஒப்பிட்டால் இது பெரிதன்று என்று சொல்வோரின் வாதத்தில் நியாயம் இருக்கிறது. ஆனால், ரொட்டி சானாயைச் சாப்பிடுபவருக்கு எண்ணெய் கண்ணுக்குத் தெரிகிறது. தொர்த்தியாவில் அது தெரிவதில்லை. 'உடம்புக்கு நல்லது' என்று நம்பி ஒன்றுக்கு மூன்றாகச் சாப்பிடுவது அங்கேதான் தொடங்குகிறது. மலேசியாவில் 2019ஆம் ஆண்டின் தேசியச் சுகாதார ஆய்வின்படி, பெரியவர்களுள் ஏறத்தாழ பாதிப்பேர் கூடுதல் எடையோ உடல் பருமனோ உடையவர்கள். அத்தகைய நாட்டில் கண்ணுக்குத் தெரியாத கொழுப்பைப் பொருட்படுத்தத்தான் வேண்டும்.

இதை அறிந்தவர்கள் 'எண்ணெய் இல்லை' என்று பெரிய எழுத்தில் போட்ட பொட்டலத்தைத் தேடி அலைகிறார்கள். கிடைத்தால் கூடுதல் விலையும் கொடுக்கிறார்கள். இந்த அலைச்சல் தேவையற்றது. எண்ணெய் இல்லாத தொர்த்தியா புதிய கண்டுபிடிப்பு அன்று. அதுதான் பழைய தொர்த்தியா. மெக்சிகோவில் ஸ்பானியர் காலடி வைப்பதற்கு நெடுங்காலம் முன்பே மக்கள் சோளத்தில் தொர்த்தியா செய்தார்கள். நவாத் மொழியில் அதன் பெயர் 'திலாஷ்கல்லி'. கோதுமையும் பன்றிக் கொழுப்பும் ஸ்பானியரோடு வந்தவை. கோதுமை விளைந்த வட மெக்சிகோவில்தான் கொழுப்பு சேர்த்த கோதுமைத் தொர்த்தியா வேரூன்றியது. சோளத் தொர்த்தியாவில் இருப்பவை மூன்றே பொருள்கள்: சோளம், நீர், சுண்ணாம்பு.

சுண்ணாம்பு என்றதும் மாணவர்கள் வியக்கலாம். வீட்டுப் பெரியவர்கள் வெற்றிலையில் தடவுகிறார்களே, அதே பொருள்தான். மெக்சிகோ மக்கள் காய்ந்த சோளத்தைச் சுண்ணாம்பு கலந்த நீரில் வேகவைத்து, இரவு முழுவதும் ஊறவிடுவார்கள். மறுநாள் காலையில் தோல் கழன்றுவிடும். பிறகு நன்றாகக் கழுவி, 'மெதாத்தே' என்னும் கல்லில் அரைப்பார்கள். அது அம்மியைப் போன்றது, சற்றுச் சாய்ந்திருக்கும். அரைத்த மாவு களிமண்ணைப் போல் ஒட்டிக்கொள்ளும். சோளத்தில் பசையம் இல்லை. இழைகளை இளக்கக் கொழுப்பும் தேவையில்லை. சுண்ணாம்பே மாவைச் சேர்த்துப் பிடிக்கிறது.

சுண்ணாம்பு செய்யும் பெரிய வேலை வேறு ஒன்று. சோளத்தில் நியாசின் என்னும் உயிர்ச்சத்து இருந்தாலும் அதை உடல் எளிதில் எடுத்துக்கொள்ள இயலாது. சுண்ணாம்பு நீரில் ஊறும்போதுதான் அது விடுபடுகிறது; மாவில் கால்சியமும் கூடுகிறது. ஐரோப்பியர்கள் அமெரிக்காவிலிருந்து சோள விதையைக் கொண்டு சென்றார்கள். ஊறவைக்கும் முறையைக் கொண்டு செல்லவில்லை. விளைவு கொடியதாக இருந்தது. சோளத்தையே நம்பி வாழ்ந்த ஏழைகளின் தோல் வெயில்பட்ட இடங்களில் தடித்து வெடித்தது, வயிற்றுப்போக்கும் மனக்குழப்பமும் தொடர்ந்தன, பலர் இறந்தனர். ஸ்பெயின் மருத்துவர் காஸ்பர் கசால் 1735ஆம் ஆண்டில் இந்நோயை விவரித்தார். பின்னர் இத்தாலியில் இதற்குப் 'பெலாக்ரா' என்று பெயரிட்டனர். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அமெரிக்காவின் தென் மாநிலங்களிலும் இது பரவியது. இது தொற்றுநோய் அன்று, உணவுக் குறையால் வருவது என்பதை நிறுவ மருத்துவர் ஜோசப் கோல்ட்பெர்கர் 1914 முதல் பல ஆண்டுகள் போராடினார். குறைந்த சத்து நியாசினே என்பது 1937இல்தான் தெளிவாயிற்று. அதுவரை மெக்சிகோவின் சிற்றூர்களில் பெண்கள் வேதியியல் எதுவும் படிக்காமலேயே தங்கள் பிள்ளைகளை அந்நோயிலிருந்து காத்து வந்தார்கள்.

'எண்ணெய் இல்லை' என்ற விளம்பரம் போதாது என்பதற்கு இந்த வரலாறே சான்று. ஓர் உணவில் எது இல்லை என்பதை மட்டுமே அது சொல்கிறது. எது இருக்கிறது, எப்படிப் பதப்படுத்தினார்கள் என்பதைச் சொல்வதில்லை. எண்ணெய் இல்லாத பொட்டலத்தில் உப்பு மிகுதியாக இருக்கலாம். ஒரு நாளைக்கு 5 கிராமுக்குக் குறைவான உப்பே போதும் என்று உலகச் சுகாதார நிறுவனம் அறிவுறுத்துகிறது. தொர்த்தியாவில் ஒரு பங்கு, உள்ளே ஊற்றும் குழைமத்தில் ஒரு பங்கு என்று அந்த அளவு விரைவிலேயே நிரம்பிவிடும். ஆகவே, கடையில் வாங்குவோர் முன்பக்க எழுத்தை விட்டுவிட்டு உட்பொருள் பட்டியலை எண்ணிப் பார்ப்பது நல்லது. அது எவ்வளவு குறுகியதோ அவ்வளவு நன்று.

வீட்டில் செய்வது இன்னும் எளிது. சுண்ணாம்பைக் கையாள்வதில் கவனம் வேண்டும்; தோலையும் கண்ணையும் அது அரித்துவிடும். அதனால் மாணவர்கள் அதைத் தொடத் தேவையில்லை. ஏற்கெனவே சுண்ணாம்பு நீரில் பதப்படுத்தி உலர்த்திய மாவு 'மாசா ஹரினா' என்ற பெயரில் சில பேரங்காடிகளில் கிடைக்கிறது. சூப்பைக் கெட்டியாக்கப் பயன்படும் வெள்ளைச் சோளமாவை வாங்கிவிடக் கூடாது. அது வெறும் மாச்சத்து. எவ்வளவு பிசைந்தாலும் தொர்த்தியா ஆகாது. பலர் ஒருமுறை முயன்று கைவிடுவதற்கு இதுவே காரணம்.

இரண்டு குவளை மாவுக்கு ஏறத்தாழ ஒன்றரைக் குவளை வெந்நீரும் ஒரு சிட்டிகை உப்பும் சேர்த்துப் பிசைந்து, ஈரத்துணியால் மூடி அரைமணி நேரம் வைக்க வேண்டும். பிறகு எலுமிச்சை அளவு உருண்டை எடுத்துக் கையால் அழுத்திப் பார்க்கலாம். ஓரம் வெடித்தால் இன்னும் நீர் வேண்டும். கையில் ஒட்டினால் மாவு வேண்டும். உருண்டையை இரண்டு நெகிழித் தாள்களுக்கு இடையில் வைத்து, அடிகனமான தட்டால் அழுத்தினால் வட்டமாகப் பரவும். மெக்சிகோவில் இதைச் சுடும் தட்டைக் 'கொமால்' என்பார்கள். வீட்டிலுள்ள தோசைக்கல்லே போதும். எண்ணெய் தடவாமல் கல்லை நன்றாகக் காயவைத்து, அரை நிமிடம் ஒரு பக்கம், ஒரு நிமிடம் மறுபக்கம், மீண்டும் ஒருமுறை திருப்பிச் சுட வேண்டும். சுட்டதை உடனே துணியில் சுற்றி அடுக்க வேண்டும். இதைத் தவிர்க்கவே கூடாது. உள்ளே அடங்கும் நீராவிதான் தொர்த்தியாவை மென்மையாக்குகிறது. தொழிற்சாலையில் கொழுப்பு செய்யும் வேலையை இங்கே நீராவி செய்கிறது.

மாசா மாவு கிடைக்காதவர்கள் கவலைப்பட வேண்டியதில்லை. ஆட்டா மாவில் கொதிநீர் ஊற்றிப் பிசைந்து, எண்ணெயின்றிச் சுட்டுத் துணியில் சுற்றினால் கோதுமைத் தொர்த்தியாவுக்கு ஈடான ஒன்று கிடைக்கும். அதைச் சப்பாத்தி என்று அழைத்தாலும் தவறில்லை.

'இதற்கெல்லாம் நேரம் எங்கே?' என்ற கேள்வி எழும். வேலை முடிந்து இரவு எட்டு மணிக்கு வீடு திரும்பும் பெற்றோரை யாரும் குறைகூற முடியாது. வாரநாளில் பொட்டலமும் விடுமுறை நாளில் தோசைக்கல்லும் என்று வைத்துக்கொள்ளலாம். மாவை அழுத்துவதும் துணியில் அடுக்குவதும் பிள்ளைகள் செய்யக்கூடிய வேலைகளே. கொழுப்பு முழுவதையும் பகையாக நினைப்பதும் பொருந்தாது. உயிர்ச்சத்து ஏ, டி, ஈ, கே ஆகியவற்றை உடல் ஏற்கக் கொழுப்பு வேண்டும். தொர்த்தியாவில் எண்ணெய் இல்லையென்றால் உள்ளே வெண்ணெய்ப்பழத்தையோ வறுத்த நிலக்கடலையையோ வைக்கலாம். வேகவைத்த சிவப்பு அவரையும் தக்காளியும் வெங்காயமும் சேர்ந்தால் நிறைவான உணவாகிவிடும்.

சோளத் தொர்த்தியா மறுநாள் விறைத்துவிடும். மெக்சிகோ மக்கள் அதை வீசுவதில்லை. துண்டுகளாக்கிச் சூப்பில் போடுகிறார்கள், அல்லது மொறுமொறுப்பாக்கித் தக்காளிக் குழைமத்தில் புரட்டுகிறார்கள். அப்படி மொறுமொறுப்பாக்க அவர்கள் பெரும்பாலும் எண்ணெயில்தான் பொரிக்கிறார்கள். அடுமனையில் வாட்டினாலும் அதே மொறுமொறுப்புக் கிடைக்கும். சுவை மட்டும் சற்றே குறையும்.